வாட்ச் காட்டும் கிலோமீட்டரை எவ்வளவு நம்பலாம்?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காலை ஐந்தரை மணிக்கு நம் தெருக்களில் ஓடுகிறவர்கள் கையைப் பாருங்கள். பாதிப் பேருக்கு மேல் ஸ்மார்ட்வாட்ச் கட்டியிருப்பார்கள். சேர்ந்து கிளம்பிச் சேர்ந்து திரும்பிய இருவரில் ஒருவர் வாட்ச் 5.2 கி.மீ. என்கிறது, இன்னொருவருடையது 4.9 என்கிறது. எது சரி என்று டீக்கடை வரை வாதம் நடக்கிறது.

இதை விளையாட்டாக விட்டுவிட முடியாததற்கு இரண்டு காரணம் உண்டு. குடியரசு தினத்தன்று பிள்ளைகளுக்கு ஒரு கிலோமீட்டர் ஓட்டப் போட்டி வைக்கிறோம். தூரத்தை வாட்ச் பார்த்தே குறித்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. இன்னொன்று, வாட்ச் வேகத்தைக் குறைவாகக் காட்டுகிறதே என்று துரத்தி ஓடி, நம்மில் ஒருவர் போன மாதம் தலை சுற்றி ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். ஜி.பி.எஸ். உங்கள் காலடியை அளப்பதில்லை. சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் சிக்னல் வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்து, நீங்கள் நிற்கும் இடத்தை வாட்ச் கணக்கிடுகிறது. இதற்குக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் வேண்டும். சிக்னல் ஒளியின் வேகத்தில் வருவதால், நொடியில் 100 கோடியில் ஒரு பங்கு பிசகினாலே 30 செ.மீ. பிசகிவிடும். திறந்த வானத்தின் கீழ் நிற்கும் சாதாரண செல்போனுக்கே சுமார் 5 மீட்டர் வரை பிசகு இருக்கும். 2000 மே மாதம் வரை, பொதுமக்களுக்கான சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழை கலந்து வந்தது. அதோடு ஒப்பிட்டால் இன்று கிடைப்பது பெரிய காரியம்தான்.

அம்பத்தூர் ஏரிப் பக்கம் வானம் திறந்திருக்கிறது. சிக்னல் நேராக வரும். தொழிற்பேட்டையில் கண்ணாடிக் கட்டடங்களின் ஓரம் ஓடினால், சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி, சுற்றுவழியில் வரும். நீங்கள் சாலையில் ஓட, வாட்ச்சின் வரைபடத்தில் கோடு கட்டடத்துக்குள் போகும். பாடி மேம்பாலத்துக்கு அடியிலோ, ரயில்வே சுரங்கப்பாதையிலோ வானமே தெரியாது.

பிசகு கூடவும் குறையவும் இருந்தால் கடைசியில் சரியாகிவிடாதா என்று கேட்பீர்கள். கணக்குப் பதிவியலில் ‘ஈடுசெய் பிழை’ என்று படித்தோமே, பற்றில் நூறு கூடி, வரவிலும் நூறு கூடினால் இருப்பாய்வு ஒத்துப்போய்விடும். தூரத்தில் அப்படி நடக்காது. நொடிக்கு 3 மீட்டர் முன்னே ஓடுகிறீர்கள். வாட்ச் உங்களை ஒரு நொடி ஒரு மீட்டர் இடப்பக்கமும், மறுநொடி ஒரு மீட்டர் வலப்பக்கமும் நகர்த்திப் போடுகிறது என்று வையுங்கள். இடமானாலும் வலமானாலும் நீளம் கூடத்தான் செய்யும். 3 மீட்டர் 3.16 ஆகும், 10 கி.மீ. ஓட்டம் 10.5 ஆகிவிடும். நொடிக்கு ஒன்றரை மீட்டர் நடக்கிறவருக்கு இதே ஆட்டம் 20 சதவீதம் கூட்டிவிடும். வாட்ச்சில் உள்ள மென்பொருள் இந்தக் கோணலை ஓரளவு நேராக்குகிறது. சின்னப் பூங்காவில் சுற்றிச் சுற்றி ஓடும்போது அதுவே வளைவை வெட்டி, தூரத்தைக் குறைத்தும் காட்டும்.

மாரத்தான் நடத்துகிறவர்கள் இதற்கு என்ன செய்கிறார்கள்? சான்று பெறும் பாதையை அவர்கள் ஜி.பி.எஸ். வைத்து அளப்பதில்லை. சக்கரத்தில் எண்ணும் கருவி பொருத்திய சைக்கிளில், வளைவுகளில் ஓரத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி, ஆகக் குறுகிய வழியில் அளக்கிறார்கள். தூரம் குறைந்துவிடக் கூடாது என்று கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சேர்க்கிறார்கள்; 42.195 கி.மீ.க்குச் சுமார் 42 மீட்டர். நாம் அந்தக் குறுகிய வழியிலேயே ஓடுவதில்லை. ஆகவே ஜனவரியில் சென்னை மாரத்தான் ஓடுகிறவர்கள், வாட்ச் கூடுதலாகக் காட்டினால் பாதை தவறு என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

புதிதாக வாங்குகிறவர்கள் எல்1, எல்5 என்ற இரண்டு அலைவரிசையும் பிடிக்கும் வாட்ச்சா என்று கேளுங்கள். கட்டடங்களுக்கு நடுவே அது உதவும். நம் நாட்டின் நாவிக் திட்டத்தில் 2023 மே 29 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன என்.வி.எஸ்.-01, கைக்கடிகாரம் போன்ற சிறு கருவிகளுக்கு ஏற்ற எல்1 சிக்னலையும் தருகிறது.

இருக்கிற வாட்ச்சுக்கு மூன்று யோசனைகள். வீட்டு வாசற்படியிலேயே ஸ்டார்ட் அழுத்தாதீர்கள். செயற்கைக்கோள் தன் பாதை விவரத்தை 30 நொடிக்கு ஒருமுறைதான் முழுதாகச் சொல்லி முடிக்கும். வெட்டவெளியில் ஒரு நிமிடம் நில்லுங்கள். பேட்டரி சேமிக்கும் முறையை ஓடும்போது அணைத்து வையுங்கள். அந்தந்த நொடி வேகத்தைப் பார்க்காமல், கிலோமீட்டர் சராசரியைப் பாருங்கள். அறுபது தாண்டியவர்களுக்கு இன்னொன்றும் சொல்வேன்: பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிகிற வேகமே போதும். மூச்சு வாங்கினால், வாட்ச் என்ன காட்டினாலும் நில்லுங்கள்.

பாஸ்புக்கும் நம் ரொக்கப் புத்தகமும் ஒத்துப்போகாவிட்டால், ஒன்றைக் கிழித்துப் போடமாட்டோம். சரிகட்டும் பட்டியல் போடுவோம். வாட்ச்சுக்கும் அதைச் செய்யலாம். ஒரு 30 மீட்டர் டேப், மூன்று பேர், சாக்பீஸ், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். நம் உள்தெருக்களிலேயே ஒரு கிலோமீட்டரை அளந்து, 100 மீட்டருக்கு ஒரு கோடு, மதில்காரர்கள் சம்மதத்தோடு மஞ்சள் பெயின்ட்டில் போட்டுவிடலாம். பிள்ளைகளின் போட்டிக்கு அதுவே பாதை. பிறகு அதில் நான்கு நாள் ஓடிப் பார்த்து, உங்கள் வாட்ச் எவ்வளவு கூட்டுகிறது, எவ்வளவு குறைக்கிறது என்று குறித்து வையுங்கள். அதன்பின் அது எங்கே என்ன காட்டினாலும் உங்களுக்கு அர்த்தம் புரியும்.

டேப் என்னிடம் இருக்கிறது. கூட வர விருப்பமுள்ள இருவர் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.