ஏடுகளில் நம் முன்னோர்



வரலாறு என்றால் அரசர் வரலாறு, வம்சாவளி என்றால் நிலமுடையோர் வம்சாவளி என்றே நெடுங்காலம் எண்ணி வந்தோம். நிலத்தைத் தானம் கொடுத்தவர் பெயர் கல்லில் நிற்கிறது. அதை உழுதவர் பெயரைக் காண்பது அரிது. ஆகவே பாட்டனுக்கு அப்பால் கேட்டால், "அதற்குமேல் யாருக்கப்பா தெரியும்?" என்று நம் வீடுகளில் சொல்லிவிடுகிறார்கள்.

ஆனால் வேறொரு கணக்கில் நம்மவர் பெயர் ஏறியிருக்கிறது. 1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து புறப்பட்ட 'துரூரோ' என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற முதல் ஒப்பந்தக் கூலிகள் 342 பேர் அதில் இருந்தனர். 1911 வரை நேட்டாலுக்கு இவ்வாறு சென்றவர்கள் 1,52,184 பேர். பெரும்பகுதியினர் சென்னையில் கப்பலேறியவர்கள். ஒப்பந்தத்தை மீறி எவரும் ஓடிவிடக் கூடாதே என்ற கவலை வெள்ளை அரசுக்கு. ஆளுக்கோர் எண் கொடுத்து, பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலிலுள்ள தழும்பு ஈறாக எழுதி வைத்தது.

பேராசிரியர்களும் எளிதில் காண இயலாதிருந்த அந்தப் பட்டியல்களை, குவாசுலு–நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி–லுத்துலி ஆவண நிலையம் இணையத்தில் கட்டணமின்றித் திறந்து வைத்தது. அமெரிக்காவின் கிறிஸ்தவ சபையொன்று நடத்தும் 'பேமிலி சர்ச்' 1999 முதல் பல நாட்டுப் பதிவேடுகளை இலவசமாகக் காட்டிவருகிறது. தன்னிடமிருந்த 24 லட்சம் நுண்படச் சுருள்களைக் கணினியில் ஏற்றும் பணியை 2021-இல் முடித்தது. நம் தேசிய ஆவணக் காப்பகமும் 2015-இல் 'அபிலேக் படல்' என்னும் தளத்தைத் தொடங்கியது. கைப்பேசி உள்ள பிள்ளைக்கு இன்று காப்பகத்தின் கதவு வீட்டிலேயே இருக்கிறது.

தேடுமுன் ஒன்று சொல்லவேண்டும். முனியம்மாள் என்பதை எழுத்தர் தம் காதில் விழுந்தவாறு ஆங்கிலத்தில் எழுதினார். ஆகவே பல எழுத்துக்கூட்டல்களில் தேடுக. வயதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். நம் பள்ளிகளின் பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டினால் ஊர்ப்பிள்ளைகளிற் பலர் ஜூன் மாதத்திலேயே பிறந்திருப்பார்கள்! சாதிக் கட்டத்திலுள்ள சொல்லைக் கண்டு மனம் குன்றவும் வேண்டாம். அது எழுதியவனுடைய சொல். அருகிலுள்ள பெயரே நம்முடையது.

நம் பெருங்குடி 2011-இல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது. கப்பல் சென்ற காலத்தில் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த கிராமம். அந்த ஜில்லாவிலே பிறந்த இரட்டைமலை சீனிவாசன் அவர்கள், நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றி, 1939-இல் தம் வரலாற்றைத் தாமே எழுதி வெளியிட்டார். அவ்வாறு எழுத வாய்ப்பின்றிப் போனவர்களே மிகப் பலர். அவர்களுடைய கொள்ளுப்பேரர்கள் இன்று டர்பனிலிருந்து சொந்த ஊரைத் தேடுகின்றனர். அவர்கள் கையில் ஊர்ப்பெயர் எழுதிய காகிதம் இருக்கிறது. "எங்கள் பாட்டனாரின் தம்பி கப்பலேறிப் போனார்" என்ற நினைவு நம் கிழவிகளிடம் இருக்கிறது. காகிதம் நூறாண்டு காத்திருந்தது, கிழவி காத்திருக்கமாட்டாள்.

ஆகவே இளைஞர்கள் இந்த விடுமுறையிலேயே ஒரு நோட்டுப் புத்தகத்துடன் பெரியவர்களிடம் அமரவேண்டும். பெயரோடு நில்லாமல், பெண் எடுத்த ஊர், கொடுத்த ஊர், குலதெய்வம், யார் பண்ணையில் வேலை செய்தார்கள், யார் ஊரைவிட்டுப் போய்த் திரும்பவில்லை என்பனவற்றையும் கேளுங்கள். பாட்டியின் தாய்வீட்டு ஊரை முதலில் எழுதுங்கள். பட்டாவிலோ வாக்காளர் பட்டியலிலோ அது கிடைக்காது.