யார்கிட்ட இருந்து யாருக்கு வந்தது?

(ஒலி வடிவில் வெளியான அத்தியாயத்தின் எழுத்து வடிவம். பேச்சு நடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)

கொரோனா பத்தின அத்தியாயத்துக்கு வந்த மடல்களில் ஒரு கேள்வி வேற வேற வடிவத்துல திரும்பத் திரும்ப வந்திருந்தது. "நான்தான் ஆபீஸ் போயிட்டு வந்துட்டு இருந்தேன். அடுத்த வாரம் அப்பாவுக்குக் காய்ச்சல். என்னாலதானா?" "அம்மாவைப் பார்க்கப் போனப்ப எனக்கு லேசா தொண்டை கரகரப்பு. போயிருக்கக் கூடாதோ?" உலக சுகாதார நிறுவனம் அவசரநிலையை 2023 மே 5-ஆம் தேதியே முடிச்சு வெச்சாச்சு. தடுப்பூசி பத்தி, மருந்து பத்திக் கேட்கிறவங்க குறைஞ்சுட்டாங்க. இந்தக் கேள்வி மட்டும் நிறைய வீடுகள்ல இன்னும் முடியலை. அதனால இன்னைக்கு இதை மட்டும் பேசலாம்.

ஆறுதலுக்காக எதையும் சொல்லப் போறதில்லை. இந்தக் கேள்விக்கு எந்த அளவு பதில் சொல்ல முடியும், எங்கே பதில் சொல்ல முடியாது, அதை மட்டும் பார்க்கலாம்.

முதல்ல, 2020 மார்ச் கடைசியில நமக்கு என்ன தெரிஞ்சிருந்ததுன்னு நினைச்சுப் பார்க்கணும். ஊரடங்கு ஆரம்பிச்ச புதுசு. வாசல்ல ஒரு பக்கெட், சோப்புத் தண்ணி. பால் பாக்கெட்டைக் கழுவினோம். காய்கறியை மஞ்சளும் உப்பும் போட்ட தண்ணியில ஊற வெச்சோம். செய்தித்தாளை நிறுத்தினோம். வெளியில போயிட்டு வந்தா நேரா குளியலறை. இன்னைக்கு அதைச் சொல்லிச் சிரிக்கிறோம். ஆனா அப்போ அதுக்கு ஒரு காரணம் இருந்தது. அந்த மார்ச் மாசம்தான் ஒரு ஆய்வு வெளியாச்சு. பிளாஸ்டிக், ஸ்டீல் மேல இந்த வைரஸ் 72 மணி நேரம் வரைக்கும், அட்டைப்பெட்டி மேல 24 மணி நேரம் வரைக்கும் இருக்குன்னு ஆய்வுக்கூடத்துல அளந்து சொன்னாங்க. அதைக் கேட்ட எந்த வீட்டுலயும் பால் பாக்கெட்டைக் கழுவத்தான் செய்வாங்க.

ஆனா வைரஸ் இருக்கிறது வேற, அது தொத்திக்கிற அளவுக்கு இருக்கிறது வேற. நேரம் ஆக ஆக அதோட அளவு வேகமா குறைஞ்சுட்டே வருது. 2021 ஏப்ரல்ல அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஒரு மதிப்பீடு சொன்னாங்க. வைரஸ் பட்ட ஒரு பொருளைத் தொடுறதால தொற்று வர்ற வாய்ப்பு, பொதுவா, 10,000-ல ஒண்ணுக்கும் கீழே.

அப்போ எப்படிப் பரவினது? இங்கே ஒரு பாட்டுக்குழுவோட கதையைச் சொல்லணும். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலம், ஸ்காஜிட் பகுதி. 2020 மார்ச் 10. 61 பேர் பாட்டுப் பயிற்சிக்கு வந்தாங்க. வாசல்ல சானிடைசர் வெச்சிருந்தாங்க. கை குலுக்கலை, கட்டிப்பிடிக்கலை. அன்னைக்குத் தெரிஞ்ச முன்னெச்சரிக்கை எல்லாம் எடுத்துக்கிட்டாங்கன்னு சொல்லலாம். இரண்டரை மணி நேரம் பாடினாங்க. வந்தவங்கள்ல ஒருத்தருக்கு ஜலதோஷம் மாதிரி இருந்தது. பிறகு மத்தவங்கள்ல 52 பேருக்கு நோய் வந்தது. அதுல 32 பேருக்குப் பரிசோதனையில உறுதியாச்சு, மீதிப் பேருக்கு அறிகுறிகளை வெச்சுக் கணிச்சாங்க. ரெண்டு பேர் இறந்துட்டாங்க.

அந்தக் கூடத்துல ஆபத்து கையில இல்லை, காத்துல இருந்தது. பாடும்போது, பேசும்போது, மூச்சு விடும்போது வர்ற நுண்துளிகள் மூடின அறைக்குள்ள மிதந்துட்டே இருக்கு. இதை உலக அளவுல தெளிவா ஏத்துக்கவே ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஆரோக்கியமா இருக்கிறவங்களுக்கு மாஸ்க் தேவையில்லைன்னு முதல்ல சொன்ன உலக சுகாதார நிறுவனம், 2020 ஜூன்லதான் அந்த அறிவுரையை மாத்திச்சு. விஞ்ஞானம் அப்படித்தான் நகரும். ஆனா நாம அதுவரைக்கும் காத்திருக்க முடியாது. தினமும் காலையில பால் வாங்கணும், வேலைக்குப் போகணும்.

எனக்கு முக்கியமாப் படுற விஷயம் இதுக்கு அடுத்தது. காத்துல பரவுதுன்னு ஓரளவு தெரிஞ்ச பிறகும் நாம பால் பாக்கெட்டைக் கழுவறதை விடலை, ஜன்னலைத் திறக்க மறந்தோம். ஏன்? பாக்கெட்டைக் கழுவறது நம்ம கையில இருக்கு. பாக்கெட் கோவிச்சுக்காது. ஊர்ல இருந்து வந்த சித்தப்பாகிட்ட, "சித்தப்பா, மாஸ்க்கைப் போட்டுக்கிட்டே பேசுங்க"ன்னு சொல்றதுதான் கஷ்டம். அவர் முகம் சுருங்கிடும். "என்னப்பா, நான் என்ன வியாதிக்காரனா?"ன்னு கேட்பார். அதனால வீட்டு வேலைக்கு வர்ற அக்காவை நிறுத்தினோம், டெலிவரி பையனைக் கேட்டுக்கு வெளியவே நிக்க வெச்சோம், சொந்தக்காரங்களை மட்டும் கூடத்துல உட்கார வெச்சுக் காபி கொடுத்தோம். வைரஸுக்கு உறவுமுறை தெரியாது. பயத்துக்கு மட்டும் நல்லாத் தெரிஞ்சிருந்தது.

அந்தப் பயம் எவ்வளவு தூரம் போச்சுன்னும் பார்த்தோம். 2020 ஏப்ரல்ல சென்னையில, கொரோனாவில் இறந்துபோன ஒரு மருத்துவரை அடக்கம் பண்ண விடாம ஒரு கூட்டம் தடுத்தது. ஆம்புலன்ஸை அடிச்சு உடைச்சாங்க. கூட வந்தவங்களுக்கு மண்டை உடைஞ்சது. முறைப்படி கட்டிக் கொண்டுவந்த ஓர் உடலைப் புதைக்கிறதால அந்தத் தெருவுக்கு ஆபத்து இல்லை. அதைத் தடுக்கத் தோளோடு தோள் உரசிக் கூடி நின்னு கத்தினதுலதான் ஆபத்து இருந்தது.

பயத்தோட இன்னொரு பக்கம், மறைக்கிறது. வீட்டுக் கதவுல தனிமைப்படுத்தின ஸ்டிக்கர் ஒட்டினாங்க. சில இடங்கள்ல தெருவையே தகரம் வெச்சு அடைச்சாங்க. அதைப் பார்த்தவங்க, காய்ச்சல் வந்தா என்ன பண்ணுவாங்க? பாராசிட்டமால் போட்டுக்கிட்டு "சாதாரண ஜலதோஷம்தான்"னு சொல்லுவாங்க. அவமானம்னு ஆனதும் உண்மை உள்ள போயிடுது. தகவல் இல்லாத இடத்துல யார்தான் சரியா முடிவெடுக்க முடியும்?

அடுத்தது டெஸ்ட். "நெகட்டிவ் வந்துச்சே, அதனாலதானே போனேன்"னு ஒரு நேயர் எழுதியிருந்தாங்க. மூக்குல குச்சி விட்டு எடுக்கிற ஆர்.டி.பி.சி.ஆர். பரிசோதனையைப் பத்தி, 2020-ல ஏழு ஆய்வுகளோட தரவைச் சேர்த்து ஒரு கணக்குப் போட்டாங்க. உண்மையில தொற்று இருக்கிற 100 பேரை, அறிகுறி ஆரம்பிச்ச அன்னைக்கே சோதிச்சா சுமார் 38 பேருக்கு நெகட்டிவ்னு வரும். மூணு நாள் கழிச்சு எடுத்தாலும் சுமார் 20 பேருக்கு நெகட்டிவ்தான். தொற்றின முதல் நாள் எடுத்தா கிட்டத்தட்ட எல்லாருக்குமே நெகட்டிவ். அதாவது பாசிட்டிவ்னு வந்தா அதைப் பெரும்பாலும் நம்பலாம். நெகட்டிவ்னு வந்தா அதுக்கு அர்த்தம் "இன்னைக்கு, இந்தக் குச்சியில, கிடைக்கலை" அவ்வளவுதான். இதை அந்த நெகட்டிவ் ரிப்போர்ட்டோட சேர்த்து யாரும் அவங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டாங்க.

இப்போ அந்த முதல் கேள்விக்கு வரேன். "என்னாலதானா?"

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொற்றின நாள்ல இருந்து அறிகுறி தெரிய 2 நாளும் ஆகலாம், 14 நாளும் ஆகலாம். பொதுவா அஞ்சு நாள் பக்கம். ஒரு வீட்டுல அப்பா 1-ஆம் தேதி ரேஷன் கடை வரிசையில நின்னப்போ தொற்றிக்கிட்டார்னு வைங்க. மகனுக்கு 3-ஆம் தேதி ஆபீஸ்ல. மகனுக்கு நாலு நாள்ல, 7-ஆம் தேதி காய்ச்சல் வந்துடுது. அப்பாவுக்கு ஒன்பது நாள் ஆகி, 10-ஆம் தேதி. வீட்டுல எல்லாரும் என்ன சொல்லுவாங்க? "பையன்தான் கொண்டுவந்தான். முதல்ல அவனுக்குத்தானே வந்தது." மகனும் ஆயுசுக்கும் அதை நம்புவான். ஆனா இந்தக் கணக்குல அப்பாவுக்குத்தான் முதல்ல தொற்றினது, அதுவும் மகன்கிட்ட இருந்து இல்லை. காய்ச்சல் வந்த வரிசை, தொற்றின வரிசை இல்லை.

இதோட இன்னும் ரெண்டு சேர்த்துக்கோங்க. அறிகுறி வர்றதுக்கு ஒண்ணு ரெண்டு நாள் முன்னாடியே ஒருத்தர் மத்தவங்களுக்குப் பரப்ப முடியும். சிலருக்கு அறிகுறியே வராது. வீட்டுல துறுதுறுன்னு ஓடிட்டிருந்த குழந்தையோ, "எனக்கு ஒண்ணுமே வரலையே"ன்னு சொன்ன அத்தையோகூட அந்தச் சங்கிலியில ஒரு கண்ணியா இருந்திருக்கலாம். ஒரே அறையில படுத்த கணவன் மனைவியில ஒருத்தருக்கு வந்து இன்னொருத்தருக்கு வராமலும் போயிருக்கு. வைரஸோட மரபணு வரிசையை ஒவ்வொருத்தருக்கும் எடுத்து ஒப்பிட்டாக்கூட, ஒரே வீட்டுக்குள்ள யார்கிட்ட இருந்து யாருக்குன்னு உறுதியாச் சொல்றது ரொம்பக் கஷ்டம். நம்ம வீடுகள்ல அதுவும் எடுக்கலை.

அதனால என் பதில்: உங்களால இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், அது இனிமே தெரியப் போறதில்லை. "உங்களால இல்லவே இல்லை"ன்னு சொன்னா அது பொய். ஆனா "என்னாலதான்"னு நீங்க உங்களுக்கே கொடுத்துக்கிட்ட தீர்ப்புக்கும் ஆதாரம் இல்லை. சாட்சியே இல்லாத ஒரு வழக்குல உங்களுக்கு நீங்களே ஆயுள் தண்டனை கொடுத்துக்காதீங்க. ஒருவேளை உங்க வழியா வந்திருந்தாலும், சம்பாதிக்கப் போனது, அப்பாவுக்கு மருந்து வாங்கப் போனது, அம்மாவைத் தனியா விடக் கூடாதுன்னு ஓடினது, இதெல்லாம் குத்தம் இல்லை. அன்னைக்குக் கையில இருந்த தகவலை வெச்சு என்ன செய்ய முடியுமோ, அதை மட்டும்தான் ஒரு மனுஷன்கிட்ட கேட்க முடியும்.

இதுல இருந்து இன்னைக்குப் பயன்படுற நாலு விஷயத்தைச் சொல்லி முடிச்சுக்கறேன். ஃப்ளூ, ஜலதோஷம், கொரோனா எல்லாத்துக்கும் பொதுவானவை.

ஒண்ணு: இருமல், காய்ச்சல் இருந்தா வயசானவங்க இருக்கிற வீட்டுக்குப் போறதை சில நாள் தள்ளிப் போடுங்க. டெஸ்ட் நெகட்டிவ்னாலும் தள்ளிப் போடுங்க. போயே ஆகணும்னா மாஸ்க் போட்டுக்கிட்டு, சாப்பாட்டைத் தனியா வெச்சுக்கிட்டு, குறைஞ்ச நேரம்.

ரெண்டு: ஜன்னலைத் திறங்க. எதிரெதிரா ரெண்டு ஜன்னல் திறந்தா இன்னும் நல்லது. ஏ.சி. போட்டு மூடின அறையில கூட்டமா உட்காராதீங்க. முடிஞ்சா திண்ணை, மொட்டை மாடி.

மூணு: சோப்புப் போட்டுக் கை கழுவுறதை விட்டுடாதீங்க. இந்த வைரஸோட மேலுறை கொழுப்பாலானது, சோப்பு அதைக் கரைச்சு உடைச்சுடும். வயித்துப்போக்கு மாதிரி வேற பல நோய்களுக்கும் அந்தப் பழக்கம் காவல். பால் பாக்கெட்டை மட்டும் இனி சும்மா விட்டுடலாம்.

நாலு: "எனக்கு உடம்பு சரியில்லை, இன்னைக்கு வரலை"ன்னு சொல்றவங்களுக்கு நன்றி சொல்லுங்க. அதைத் தப்பா எடுத்துக்காதீங்க. கல்யாணமா இருந்தாலும் சரி, காதுகுத்தா இருந்தாலும் சரி. அப்படிச் சொல்றது அவமானம் இல்லைன்னு ஆன வீட்டுலதான் மத்த முன்னெச்சரிக்கை எல்லாம் வேலை செய்யும்.

இந்தக் கேள்வியை மனசுக்குள்ளேயே வெச்சுக்கிட்டிருக்கிற யாராவது உங்க வீட்டுல இருந்தா, இந்த அத்தியாயத்தை அவங்களுக்கு அனுப்புங்க. அனுப்பிட்டு விட்டுடாம, ஒரு தடவை உட்கார்ந்து பேசுங்க. அடுத்த அத்தியாயத்தில் சந்திக்கலாம்.