வாசல் தேடி வரவேண்டிய பரிசோதனை



தாராவியிலிருந்து அதிகாலையில் மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் வீட்டுவேலைக்குச் செல்லும் தமிழ்ப் பெண்கள் பலர். அவர்களுள் ஒருவர் தம் மார்பில் சிறு கட்டியொன்றை உணர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வலி இல்லை, வலிக்காததை நோயென்று கருதும் வழக்கமும் இல்லை. அருகிலேயே சயான் மருத்துவமனை இருக்கிறது. ஆனால் அங்கே புறநோயாளிகளைப் பார்க்கும் காலை நேரமும், நான்கு வீடுகளில் அவர் பாத்திரம் துலக்கும் நேரமும் ஒன்றே. வரிசையில் நின்றால் கூலி போகும். இருமுறை நின்றால் வேலையே போகலாம். ஆண் மருத்துவர் இருப்பாரோ என்ற கூச்சம், மராத்தியில் பேச வராத தயக்கம், நோய் உறுதியானால் பிள்ளைகளின் கதி என்ன என்ற அச்சம் ஆகியவை பிறகு வந்து சேர்கின்றன.

இதற்கு “விழிப்புணர்வின்மை” என்று பெயர் சூட்டுவது எளிது. அப்பெயர் பழியைப் பெண்ணின் மீது சுமத்தி, அரசை விடுவிக்கிறது.

இதே மும்பையில் மறுக்கவியலாத சான்று ஒன்று உள்ளது. பரேலில் உள்ள டாட்டா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கிய ஆய்வில் 35 முதல் 64 வயது வரையிலான 1,51,538 பெண்கள் இடம்பெற்றனர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் ஈராண்டுக்கு ஒருமுறை, நான்கு சுற்றுகளாகக் கையால் மார்பகப் பரிசோதனை செய்தனர். மேமோகிராம் கருவி பயன்படுத்தப்படவில்லை. முடிவுகள் 2021இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியாயின. நோய் கண்டவர்களில் முற்றிய நிலையில் இருந்தோர் பரிசோதிக்கப்பட்ட பிரிவில் 37 விழுக்காடு. மற்றப் பிரிவில் 47. ஐம்பது வயதும் அதற்கு மேலும் ஆனோரிடையே மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. ஐம்பதுக்குட்பட்டோரிடையே மரணம் குறையவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

வழி தெரிந்த பின்னும் நடந்தது என்ன? முப்பது வயது கடந்தோருக்கு மக்கள்தொகை அளவிலான பரிசோதனைக்கு ஒன்றிய அரசு 2016இல் நெறிமுறை வகுத்தது. ஆனால் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுப் பெண்களுள் ஒருமுறையேனும் மார்பகப் பரிசோதனை செய்துகொண்டோர் 0.9 விழுக்காடு மட்டுமே. நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

வீடுவீடாகச் செல்லும் சுகாதாரப் பெண்களைத் “தன்னார்வலர்” என்று அழைத்து, ஊதியத்துக்குப் பதில் மதிப்பூதியம் தரும் அரசு இந்தப் பணியை நிறைவேற்றாது. அவர்களது பணிநிலைக் கோரிக்கையும் தாராவிப் பெண்ணின் உயிரும் வெவ்வேறல்ல.

ஆகவே கட்சிக் கிளைகளும் மாதர், தொழிற்சங்க அமைப்புகளும் எழுப்பவேண்டிய கோரிக்கைகள் தெளிவானவை. மாநகராட்சியின் ஆப்லா தவாகானாக்கள் மாலையிலும் இயங்குகின்றன. அங்கே பயிற்சி பெற்ற பெண்களைக் கொண்டு மார்பகப் பரிசோதனை நடக்கட்டும். தமிழில் விளக்கம் கிடைக்கட்டும். பரிசோதனை நாளுக்கு ஊதியத்துடன் விடுப்பு கிடைக்கட்டும். கட்டி கண்டறியப்பட்டவர் சிகிச்சை முடியும்வரை கைவிடப்படாதிருக்கட்டும். சிகிச்சைக்கு வழிகாட்டாத பரிசோதனை அச்சத்தை மட்டுமே விட்டுச் செல்லும்.

அந்தப் பெண் மருத்துவமனையைத் தேடி வரவில்லை என்று குறைகூறுவது போதும். மருத்துவம் இனி அவர் வாசலைத் தேடிச் செல்லட்டும்.