கோப்பு வடிவம் யாருக்கு உரியது?

எழுத்துரு இல்லாத கணினியிலும் தமிழ் தெரியவேண்டுமென்று, இணையத்தின் தொடக்க நாள்களில் தமிழ் வரிகளைப் படமாக்கி 'கிஃப்' கோப்புகளாக ஏற்றினோம். (அவ்வரிகளுக்குள் ஒரு சொல்லைத் தேட இயலாது என்பது வேறு கதை.) கம்ப்யூசர்வ் 1987இல் வெளியிட்ட அவ்வடிவத்தைப் பொதுச்சொத்தென்றே நம்பினோம். ஆனால், அதனுள் இயங்கிய சுருக்க முறைக்கு 1985லேயே அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டிருந்தது. கம்ப்யூசர்வே அதை அறியாமல்தான் கையாண்டது! வடிவம் உலகெங்கும் வேரூன்றிய பின், 1994 இறுதியில், காப்புரிமை பெற்ற யூனிசிஸ் நிறுவனம் மென்பொருள் செய்வோரிடம் உரிமக் கட்டணம் கேட்டது. சட்டம் அதற்கு இடமளித்தது. அறம் இடமளித்ததாக நாம் கருதவில்லை. தன்னார்வலர்கள் சில மாதங்களிலேயே எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தத்தக்க 'பிஎன்ஜி' வடிவத்தை உருவாக்கினர். அமெரிக்கக் காப்புரிமையோ 2003இல்தான் காலாவதியானது. ஆசிரியர்கள் மின்பாடங்களை வாங்குகையில், விலையோடு கோப்பு வடிவத்தின் உரிமத்தையும் கேட்டறியுமாறு வேண்டுகிறோம்.