கண்ணாடி இழையும் தோட்டத்து வீடும்



காஜாங் என்றதும் பலருக்குச் சாத்தேதான் நினைவுக்கு வரும். நமக்கோ அது வேறு வகையிலும் உறவுடைய ஊர். இந்நாட்டில் வாணிபத்துக்காக ரப்பர் பயிரிட்ட முதல் தோட்டங்களுள் ஒன்றான இன்ச் கென்னத், 1890-களில் காஜாங்கில்தான் உருவாயிற்று. அன்று கித்தாக் காடாயிருந்த இடங்கள் பல இன்று தாமான்களாகிவிட்டன. 2017 முதல் எம்.ஆர்.டி. ரயிலும் வந்துவிட்டது. ஆனால், பெருஞ்சாலையோரத் தாமானுக்கு வந்த அதிவேக இணையம், ஒரு கட்டை தூரம் உள்ளே செம்பனைக்கு நடுவிலிருக்கும் லயத்துக்கு வருவது அரிதாகவே இருக்கிறது. இது ஏன், இதற்கு நாம் என்ன செய்யலாம் என்பதே இன்றைய பேச்சு.

முதலில் இந்த இணையம் எதில் வருகிறது என்று பார்ப்போம். பழைய தொலைபேசிக் கம்பி செம்பினால் ஆனது. அதில் ஓடியது மின்சாரம். புதிய கம்பிக்குள் இருப்பதோ தலைமுடி அளவே பருமனுள்ள கண்ணாடி இழை; அதில் ஓடுவது ஒளி. செம்பில் தூரம் கூடக்கூடச் செய்தி தேய்ந்துவிடும். கண்ணாடி இழையில் ஒளி பல மைல் சென்றும் அதிகம் வலுக் குன்றாது. ஆகவே, நகரத்திலிருந்து தள்ளியிருக்கும் நமக்குத்தான் இது மிகவும் ஏற்றது.

பிறகு ஏன் வரவில்லை? காரணங்கள் இரண்டு. ஒன்று செலவு. கம்பியைவிட, பள்ளம் தோண்டவும் தூண் நடவும் ஆகும் கூலியே அதிகம். தாமானில் அந்தச் செலவை நூறு வீடுகள் பகிர்ந்துகொள்ளும். லயத்தில் இருபது வீடுகள்தாம். மற்றொன்று நிலம். தோட்டம் தனியார் சொத்து. நிர்வாகத்தின் அனுமதியின்றி எந்த நிறுவனமும் உள்ளே கம்பி இழுக்க முடியாது. வீடும் நமதன்று. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்புச் சட்டம் குழாய் நீரையும் மின்சாரத்தையும் பேசுகிறது. அச்சட்டம் எழுதப்பட்ட நாளில் இணையம் எவர் வீட்டிலும் இல்லை.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 2020 ஆகஸ்டில் ஜென்டெலா திட்டம் அறிவிக்கப்பட்டது. 2022 முடிவுக்குள் 75 இலட்சம் வீடுகளும் கட்டடங்களும் ஒளியிழை எட்டும் தூரத்தில் இருக்கவேண்டும் என்பது அதன் இலக்கு. ‘எட்டும் தூரம்’ என்ற சொல்லை நாம் கவனிக்க வேண்டும். வாசலருகே கம்பி போவது வேறு. வீட்டுக்குள் விளக்கெரிவது வேறு. இலாபம் குறைந்த இடங்களுக்கென்று ஒரு நிதியும் உண்டு. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் வருமானத்தில் 6 விழுக்காட்டை அனைவர்க்கும் சேவை நிதிக்குச் செலுத்துகின்றன. அது நம்மைப் போன்றோருக்காக ஏற்பட்ட பணம்.

இனி விலை. 2018-இல் நிறுவனங்களுக்கிடையிலான மொத்த விலைக்கு வரம்பு வகுக்கப்பட்டபின் வீட்டுக் கட்டணமும் இறங்கியது. 2023-இல் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கென 30 மெகாபிட் வேகத்தில் மாதம் 69 வெள்ளிக்கு ஒரு திட்டம் வந்தது. ஒரு வீட்டில் நால்வர் ஆளுக்கு 30 வெள்ளி கைப்பேசிக்குப் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 120 வெள்ளி! ஒரே கம்பியை நால்வரும் பகிர்ந்தால் மிச்சம் எவ்வளவு என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். ஆனால், இத்திட்டங்கள் பெரும்பாலும் 24 மாத ஒப்பந்தம். இடையில் நிறுத்தினால் தண்டம் கட்ட நேரும். தோட்டம் விற்கப்படும், வீடு மாறவேண்டும் என்ற பேச்சிருந்தால், கையெழுத்துப் போடுமுன் இடம் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். இன்றைய விலையையும் விசாரியுங்கள்.

நாம் செய்ய வேண்டியது என்ன? தனியாகக் கேட்டால் ஒரு வீடு. சேர்ந்து கேட்டால் ஒரு லயம். எத்தனை வீடுகள் இணைப்பு எடுக்கும் என்று பெயரோடு பட்டியல் எழுதுங்கள். முதலில் நிர்வாகத்திடம் கொடுத்து, கம்பி இழுக்க எழுத்தில் அனுமதி கேளுங்கள். தயக்கமிருந்தால் தொழிற்சங்கத் தலைவரையும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அனுமதிக் கடிதத்தின் நகலோடு நிறுவனத்துக்கும், மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்துக்கும் எழுதுங்கள். எழுதிய தேதியைக் குறித்து வையுங்கள். பதில் வராவிட்டால் மீண்டும் எழுதுங்கள்.

இது பொழுதுபோக்குக்கான ஆசையன்று. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடம் வீட்டைத் தேடி வந்தது. ஆனால் எல்லா வீட்டையும் தேடி வரவில்லை. ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் மாற்றி மாற்றிப் பிடித்தார்கள். அலை கிடைக்கும் மேட்டைத் தேடி அலைந்த பிள்ளைகளும் உண்டு. அந்நாளில் தவறிய பாடத்தை யார் திருப்பிக் கொடுப்பார்?

நம் பெற்றோர் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தார்கள். பின்பு, தோட்டத்து இயந்திரம் ஓடும் சில மணி நேரம் மட்டும் மின்விளக்கு எரிந்தது. முழுநேர மின்சாரம் தானாக வந்துவிடவில்லை. கேட்டுக் கேட்டுத்தான் வந்தது. இந்த ஒளியும் அப்படித்தான் வரும். இன்று மாலையே அண்டை வீட்டாரோடு உட்கார்ந்து பட்டியலைத் தொடங்குங்கள்.