பழைய வீடும் புதிய விலையும்



வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் செய்து பார் என்றனர் நம் முன்னோர். இந்நாளில் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்: பழைய வீட்டை வாங்கி விற்றுப் பார்.

பழுதுற்ற வீட்டை வாங்கிச் செப்பனிட்டு மிகுந்த விலைக்கு விற்பது ஒருவகை வாணிபம். கிரய ஒப்பந்தம் மட்டும் செய்துகொண்டு, பத்திரம் பதிவாகுமுன்னரே அவ்வொப்பந்தத்தை வேறொருவருக்குக் கைமாற்றி, இடையிலுள்ள விலை வேற்றுமையை ஊதியமாகப் பெறுவது மற்றொரு வகை. அமெரிக்க நாட்டில் இவ்விரண்டும் தனித் தொழில்களாகவே வளர்ந்துள்ளன. நம் நாட்டிலும் இவற்றில் இறங்க விழைவோர் பெருகி வருகின்றனர். வெளி மாநிலத்தில் வாழும் தமிழர் இதில் அடியெடுத்து வைக்குமுன் அறிய வேண்டுவன யாவை என்பதைத் திருவனந்தபுரத்தை முன்வைத்துச் சிறிது ஆராய்வோம்.

இந்நகரில் கரமனை, வலியசாலை, கோட்டைப் பகுதி ஆகிய இடங்களில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த அக்கிரகாரங்கள் உண்டு. சுவரோடு சுவர் ஒட்டிய நீண்ட ஓட்டு வீடுகள் அவை. பிள்ளைகள் மும்பைக்கும் தில்லிக்கும் கடல் கடந்தும் சென்றுவிட்டமையால் பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. மறுபுறம், 1990இல் தோன்றிய டெக்னோபார்க் கழக்கூட்டம் பகுதியின் மனை விலையை உயர்த்தியது. விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதனைச் சூழ்ந்த இடங்களிலும் தரகர் நடமாட்டம் மிகுந்துள்ளது. பூட்டிய வீட்டையும் ஏறும் விலையையும் ஒருசேரக் காண்பவர்க்கு ஆசை பிறத்தல் இயல்பே.

ஆனால் முதலில் நம்மைத் தடுமாறச் செய்வது பணமன்று, மொழி. இங்குள்ள பத்திரச் சொற்களிற் பல நம் காதுக்குத் தமிழாகவே ஒலிக்கும், பொருளோ வேறு. 'ஆதாரம்' என்றால் கிரயப் பத்திரம். 'முன்னாதாரம்' என்றால் அதற்கு முந்திய மூலப் பத்திரம். 'கரம்' என்பது வரி. 'போக்குவரவு' என்பது வண்டி வாகனத்தைப் பற்றியதன்று. பட்டா மாற்றத்தைக் குறிப்பது. 'குடிக்கடச் சான்று' என்பது நாம் அறிந்த வில்லங்கச் சான்றே. இவை யாவற்றினும் நம்மை ஏமாற்ற வல்லது 'நிலம்' என்னும் எளிய சொல்.

நாம் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிகிறோம். சில ஆண்டுகளுக்கு முன், குடியிருப்பதற்கென்று கரமனை ஆற்றுக்கு அப்பால் 8 சென்டில் அமைந்த ஒரு பழைய ஓட்டு வீட்டைப் பார்த்தோம். முன்பகுதியைச் செப்பனிட்டுக் குடியேறலாம், பின்புறம் ஒரு சிறு வீடு கட்டி வாடகைக்கு விடலாம் என்பது நம் எண்ணம். அச்சாரமாக 2 லட்சம் ரூபாய் கொடுத்தோம். ஆதாரத்தில் 5 சென்ட் 'புரயிடம்' என்றும் 3 சென்ட் 'நிலம்' என்றும் எழுதியிருந்தது. இரண்டும் மனையையே குறிப்பன என்று கருதி மேலே சென்றோம். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நமக்கு அகராதியைத் திறந்து பார்க்க வேண்டுமென்று தோன்றவில்லை!

அலுவலகத்தில் மலையாளப் பெரியவர் ஒருவரிடம் அப்படியைக் காட்டியபோது, "சார், இது வயலல்லவா?" என்று கேட்டார். கேரள வருவாய்க் கணக்கில் 'நிலம்' என்பது நெல் வயல். 'புரயிடம்' என்பதே கரை மனை. 2008ஆம் ஆண்டின் நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டப்படி வயலைத் தூர்த்து விருப்பம்போல் வீடு கட்ட இயலாது. சட்டத்தின்கீழ் தொகுக்கப்பட்ட 'டேட்டா பேங்க்' என்னும் பதிவேட்டில் அவ்விடம் இருக்குமாயின் தடை மிகக் கடுமை. அதில் இல்லாவிடினும், கணக்கில் 'நிலம்' என்றிருந்தால், 2018இன் திருத்தப்படி உரிய வருவாய் அதிகாரியிடம் விண்ணப்பித்து இசைவு பெறல் வேண்டும். அந்த 3 சென்டோ பதிவேட்டில் இருந்தது. நாம் பின்வாங்கினோம். எட்டு மாதம் நடந்த பின்னர் அச்சாரத்தில் பாதி திரும்பியது. விற்பவர் எதையும் மறைக்கவில்லை. எழுத்தில் இருந்ததை நாம்தான் படித்தும் அறியாதிருந்தோம்.

அளவிலும் கவனம் தேவை. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. சென்னையில் நாம் பேசும் ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி, ஏறத்தாழ 5½ சென்டாகும். பதிவேடுகளில் காணும் 'ஆர்' என்பது 100 சதுர மீட்டர், ஏறத்தாழ 2.47 சென்ட்.

அடுத்தது வாரிசுரிமை. பூட்டிய அக்கிரகார வீட்டுக்கு உரியவர் ஒருவராக இருப்பது அரிது. கேரளத்தில் 1975ஆம் ஆண்டின் சட்டம் 1976 டிசம்பர் 1 முதல் இந்துக் கூட்டுக் குடும்ப முறையை ஒழித்தது. குடும்பத்தினர் தனித்தனிப் பங்குதாரர் ஆயினர். பெண் மக்களின் உரிமையையும் மறத்தலாகாது. தில்லியிலுள்ள தமையனார் கையொப்பமிட்டுவிட்டார் என்பதனால் துபாயிலுள்ள தங்கையின் பங்கு நமக்கு வந்துவிடாது. எல்லாப் பங்காளிகளின் இசைவையும் கண்ட பின்னரே அச்சாரம் கொடுத்தல் நன்று.

இனி, ஒப்பந்தத்தைக் கைமாற்றும் தொழிலைக் காண்போம். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், கிரய ஒப்பந்தம் மட்டும் சொத்தில் எவ்வித உரிமையையும் தாராது எனத் தெளிவாகக் கூறுகிறது. ஒப்பந்தம், பொது அதிகாரப் பத்திரம் ஆகியவற்றால் உடைமை மாறிவிடாது என்பதை உச்ச நீதிமன்றமும் 2011இல் வலியுறுத்தியது. ஆகவே இடையில் நிற்பவர் விற்பது வீட்டையன்று. வீட்டை வாங்குவதற்கான ஓர் உடன்பாட்டையே. தமக்கோ தாம் குறிப்பிடும் நபருக்கோ பத்திரம் எழுதித்தர உரிமையாளர் இசைகிறார் என்னும் வாசகம் அதில் இருக்க வேண்டும். புதிதாக வாங்குபவரிடம் இந்நிலையை ஒளிக்காமல் உரைக்க வேண்டும். ஒளித்து விற்பது வாணிபமன்று, வஞ்சனை. சொத்துக்கான முன்பணம் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ஆயின், அதை ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது என்பதையும் நினைவிற் கொள்க.

கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்ப்போம். 50 லட்சத்துக்கு ஒரு வீடு வாங்கி 70 லட்சத்துக்கு விற்பதாகக் கொள்வோம். காகிதத்தில் ஆதாயம் 20 லட்சம். கேரளத்தில் முத்திரைத் தீர்வை 8 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. ஆக 5 லட்சம் போயிற்று. கூரை மாற்றுதல், மின் கம்பி, குழாய், கழிப்பறை ஆகியவற்றுக்கு 8 லட்சம். 40 லட்சம் கடனுக்கு 10 விழுக்காடு வட்டியெனில் ஓராண்டுக்கு 4 லட்சம். வாங்கவும் விற்கவும் தரகு 2 லட்சம். எஞ்சுவது 1 லட்சம்! வீடு இன்னும் மூன்று மாதம் விலைபோகாது நின்றால் அந்த ஒன்றும் வட்டியில் கரையும். 24 மாதத்துக்குள் விற்றுப் பெறும் ஆதாயம் குறுகியகால ஆதாயமாக வருமானத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படும். எனவே ஊதியம் விற்கும் நாளில் பிறப்பதன்று. வாங்கும் நாளில், பேசி முடிக்கும் விலையில் பிறப்பது.

நேயர்களுள் அரசு ஊழியர் பலர் இருத்தல் கூடும். மத்திய அரசு ஊழியர்க்கு 1964ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் உண்டு. முன் அனுமதியின்றி வாணிபம் செய்தலாகாது. வீடு மனை வாங்குவதையும் விற்பதையும் முன்கூட்டியே மேலதிகாரிக்குத் தெரிவித்தல் வேண்டும். மனைவி பெயரில் செய்தால் யார் அறிவார் என்று கூறும் தரகரின் அறிவுரை, ஓய்வூதியத்துக்கே உலை வைக்கும்.

அப்படியாயின் இத்தொழிலே வேண்டாமா? அவ்வாறு கூறோம். பூட்டிக் கிடக்கும் வீட்டில் மீண்டும் விளக்கெரியச் செய்வது நற்பணியே. தொடங்குவோர், முதலில் ஆறு மாதம் வாங்காமல் பார்த்துப் பழகுக. ஒரே பகுதியில் இருபது வீடுகளேனும் ஏறி இறங்குக. முப்பது ஆண்டு முன்னாதாரங்களையும் குடிக்கடச் சான்றையும் வழக்கறிஞரிடம் காட்டுக. கிராம அலுவலகத்தில் அடிப்படை வரிப் பதிவேட்டையும், வேளாண் அலுவலகமாகிய கிருஷி பவனில் டேட்டா பேங்கையும் நேரிற் காண்க. தெரியாத சொல்லைக் கேட்டுத் தெரிந்துகொள்க; தெரிந்ததுபோல் தோன்றும் சொல்லை இருமுறை கேட்டுத் தெரிந்துகொள்க.

நாம் இன்றும் வாடகை வீட்டிலேயே வாழ்கிறோம். நம் மேசையில் மலையாள அகராதி ஒன்று இருக்கிறது. 'நிலம்' என்னும் சொல் உள்ள பக்கத்தில், அச்சார ரசீதை அடையாளமாக வைத்திருக்கிறோம்.