திண்டிவனத்துல ஏறி விழுப்புரத்துல சாவது எப்படி? – ஸ்லே தி ஸ்பையர், கையடக்க ஸ்விட்ச்ல

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

தலைப்பைப் பாத்து பயந்துடாதீங்க, சாகறது கேம்லதான்.

திண்டிவனத்துல இருந்து விழுப்புரத்துக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். நடுவுல மைலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம். எல்லா ஸ்டேஷன்லயும் நிக்கிற வண்டின்னா முக்கால் மணி நேரம்னு வச்சுக்கோங்க. தினமும் போய் வர்றவங்களுக்கு அந்த முக்கால் மணி நேரம் ஒரு தனி உலகம். பாதிப் பேர் தூங்குவாங்க, பாதிப் பேர் ரீல்ஸ் தள்ளுவாங்க, சில பேர் கையில குரூப் 4 கைடு இருக்கும். அந்த நேரத்துக்குன்னே அளவெடுத்து தைச்ச மாதிரி ஒரு கேம் இருக்கு. அதான் ஸ்லே தி ஸ்பையர்.

சியாட்டில்ல மெகா கிரிட்னு ஒரு குட்டி ஸ்டுடியோ. ஆரம்பிச்சது ரெண்டே பேர், ஆந்தனி ஜியோவனெட்டியும் கேஸி யானோவும். 2019 ஜனவரியில கம்ப்யூட்டருக்கு முழுசா வந்துச்சு, அதே வருஷம் ஜூன்ல ஸ்விட்சுக்கு. ஸ்விட்சை நிண்டெண்டோ இந்தியாவுல நேரடியா விக்கிறதில்ல. இம்போர்ட் பீஸ், இல்லன்னா செகண்ட் ஹேண்ட்தான். அது கட்டுப்படியாகாதவங்களுக்கு ஐபோன்ல 2020ல, ஆண்ட்ராய்டுல 2021ல இதே கேம் வந்துடுச்சு.

கேம் இதுதான்: கையில கொஞ்சம் கார்டு. ஒரு கோபுரம். மேல ஏறணும். செத்தா முதல்ல இருந்து. சேத்த கார்டு எல்லாம் போச்சு.

உடனே நம்ம ஊர்க்காரங்களுக்கு ஒண்ணு ஞாபகம் வரும். வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண்ணு முழிக்க வீட்டுல ஆடுவோமே, பரமபதம். ஏணி ஏத்தி விடும், பாம்பு கடிச்சு கீழ இறக்கும். ஆனா பரமபதத்துல நீங்க எடுக்கிற முடிவுன்னு ஒண்ணுமே கிடையாது. தாயம் என்ன சொல்லுதோ அதான். ஸ்லே தி ஸ்பையர்ல அதிர்ஷ்டம் முதல்ல வரும், முடிவு அப்புறம் வரும். அந்த வரிசைதான் எல்லாமே.

ஒரு உதாரணம் சொல்றேன். அயர்ன்கிளாட்னு முதல் கேரக்டர். எதிர்ல ஜா வார்ம்னு ஒரு புழு. அடுத்து 11 அடிக்கப் போறேன்னு அதோட தலைக்கு மேலயே போட்டிருக்கும். உங்ககிட்ட எனர்ஜி 3. ரெண்டு டிஃபெண்ட் போட்டா 10 தடுக்கும், ஒரு ஸ்ட்ரைக் போட்டா 6 அடி. ஒண்ணுதான் வாங்குவீங்க. இல்லன்னா பாஷ் போட்டு 8, அதுல எதிரி பலவீனமாகி அடுத்த ஸ்ட்ரைக் 6க்கு பதிலா 9. மொத்தம் 17 அடி, ஆனா 11 முழுசா வாங்கணும். எது சரி? அடுத்த ரூம்ல என்ன இருக்குன்றத பொறுத்தது. கையில என்ன கார்டு வரணும்னு உங்களால சொல்ல முடியாது. வந்ததை வச்சு என்ன பண்றீங்கன்றது முழுக்க உங்க கணக்கு.

இப்போ கையடக்க போர்ட்டுக்கு வர்றேன். இதுல ஒரு நல்லதும் இருக்கு, ஒரு ஓட்டையும் இருக்கு.

நல்லது, ஸ்லீப் மோடு. முண்டியம்பாக்கம் தாண்டியாச்சு, சண்டை பாதியில நிக்குது. பவர் பட்டனை ஒரு தட்டு தட்டிட்டு இறங்கிடலாம். சாயந்திரம் திரும்புற வண்டியில அதே கார்டு, அதே எதிரி, அதே நொடி.

ஓட்டை என்னன்னா, மெனுவுக்குப் போய் சேவ் பண்ணி வெளிய வந்துட்டு திரும்ப உள்ள போனீங்கன்னா, அந்த சண்டை ஆரம்பத்துல இருந்து தொடங்கும். அதே கார்டு அதே வரிசையில வரும். இப்போ உங்களுக்கு எல்லாம் தெரியும். கேள்வித்தாளைப் பாத்துட்டு பரிட்சை எழுதற மாதிரி.

இந்த ஓட்டை பழைய பிரச்சனை. இந்த வகை கேமுக்கே பேர் குடுத்தது 1980ல வந்த ரோக். அதுல சேவ் ஃபைலைத் திறந்த உடனே கேம் அந்த ஃபைலை அழிச்சிடும். சேவ் எதுக்குன்னா எழுந்து போய்ட்டு வர்றதுக்கு. முடிவை மாத்தறதுக்கு இல்ல. ஸ்லீப் மோடு அந்த ரோக் சொன்னதை அப்படியே காப்பாத்துது. அதனால என் கருத்து: ஸ்லீப் போடுங்க, மெனு வழியா தப்பிக்காதீங்க. தோத்ததை அழிச்சிட்டா ஏன் தோத்தோம்ன்றதும் சேந்து அழிஞ்சிடும்.

இங்க ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். “வாழ்க்கையே ஒரு ரோக்லைக் ப்ரோ, தோத்தா ரீஸ்டார்ட் பண்ணு”ன்னு ரீல்ஸ் வருது. எதிர் சீட்ல கைடோட உக்காந்திருக்கிற அக்காகிட்ட இதை சொல்லிப் பாருங்க. குரூப் 4 தேர்வு 2022 ஜூலை 24ல நடந்துச்சு. அடுத்தது 2024 ஜூன் 9. அதுக்கு அடுத்தது 2025 ஜூலை 12. முதல் ரெண்டுக்கும் நடுவுல கிட்டத்தட்ட ரெண்டு வருஷம். அவங்க ரீஸ்டார்ட்டுக்கு அதான் விலை. கோச்சிங் ஃபீஸ், வயசு, வீட்டுல கேக்கிற கேள்வி எல்லாம் தனி. அதுக்குப் பேர் ரன் இல்ல.

கேம் தர்றது வேற. தோக்கறதை மலிவாக்கித் தருது. விழுப்புரம் வர்றதுக்குள்ள ஒரு தடவை தோத்து, ஏன்னு கண்டுபிடிக்கலாம். மூணாவது ரூம்ல பளபளன்னு ஒரு கார்டு வந்துச்சு, தேவையே இல்லாம எடுத்தோம், அது கையில வந்து வந்து தேவையான டிஃபெண்ட்டை தள்ளி விட்டுச்சு. ஒவ்வொரு சண்டைக்கு அப்புறமும் மூணு கார்டு காட்டும். எதுவுமே வேணாம்னு தாண்டிப் போறதும் ஒரு முடிவுதான். இதை கேம் வாயால சொல்லித் தராது. பத்து தடவை செத்தா தானா புரியும். கார்டு போயிடும், இந்தப் புரிதல் மட்டும் அடுத்த ரன்னுக்கு கூட வரும்.

நிஜ பரிட்சையில பெரும்பாலும் மார்க்தான் வரும், எங்க விட்டோம்னு நாமளே உக்காந்து தேடணும். அந்தத் தேடற பழக்கத்துக்கு இது ஒரு சின்னப் பயிற்சி, அவ்வளவுதான். அதுக்கு மேல பெருசா பேச வேணாம்.

புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு ஒரே ஒரு டிப்ஸ்: செத்த உடனே அடுத்த ரன்னை அமுக்காதீங்க. ஒரு ஸ்டேஷன் தூரம் ஜன்னல் பக்கம் பாருங்க. எந்த ரூம்ல தோத்தோம்னு யோசிங்க. பெரும்பாலும் செத்த ரூம் அது இல்ல, அதுக்கு ரொம்ப முன்னாடி.

உங்க கடைசி ரன் எந்த கார்டால போச்சுன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல படிக்கிறேன். வரட்டா மக்களே.